தேவாலா மலையில் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம்



கூடலூரில் நடைபெற்ற வாலிபர் முகாமின் மூன்றாம் நாளில், நாங்கள் இருபத்திரண்டு பேர் தேவாலாவின் பழைய தங்கச் சுரங்கங்களைப் பார்க்க மலையேறி, மாலைக்குள் திரும்பினோம். பிள்ளைகள் எடுத்த படங்களை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தின் வரலாற்றை எழுதித் தருவதாகச் சிலருக்கு வாக்களித்திருந்தேன். எழுத உட்கார்ந்தபோது, அந்த வரலாற்றோடு சேர்த்து நான் சொல்லியாக வேண்டிய வேறொன்றும் இருப்பதை உணர்ந்தேன். அதைப் பின்னர் சொல்லுகிறேன்.

எங்களுக்கு வழிகாட்டியவர் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, அம்மலைகளில் குடியேற்றப்பட்ட குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெய்யும் ஊர்களில் தேவாலாவும் ஒன்று. நாங்கள் சென்றது ஜனவரி மாதமாகையால் அட்டைத் தொல்லை குறைவாக இருந்தது. மணலிலும் சேற்றிலும் களைப்பின்றி நடக்கும் நம் பிள்ளைகள் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியதைக் கண்டு பெரியவர் சிரித்தார். புதர் மூடிய ஒரு சரிவில் அவர் செடிகளை விலக்கிக் காட்டினார். ஆள் குனிந்து நுழையுமளவு உயரமுள்ள ஒரு குகைவாய், பாறையைக் குடைந்து உள்ளே சென்றது. உள்ளிருந்து குளிர்ந்த காற்றும் ஈர மண்ணின் வாடையும் வந்தன. நச்சுக் காற்று தங்கியிருக்கும், கூரை சரியும் என்று பெரியவர் எச்சரித்ததனால் ஒருவரையும் உள்ளே விடவில்லை. இன்றும் திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்ட நுழைகிறவர்கள் உண்டென்றும் அவர் வருத்தத்தோடு சொன்னார்.

இப்பகுதிக்குத் தென்கிழக்கு வயநாடு என்று பெயர். 1877ஆம் ஆண்டுவரை மலபார் மாவட்டத்தில் இருந்தது; பின்பு நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. இங்கே தங்கம் உண்டென்பது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த செய்தியன்று. குறும்பரும் பணியரும் தலைமுறை தலைமுறையாக ஓடைமணலை மரத்தட்டில் அலசிப் பொன்துகள் எடுத்து வந்தனர். எடுத்ததில் பெரும்பங்கு நிலவுடைமையாளரான ஜென்மிகளுக்குச் சென்றது. பணியர் அந்நாளில் ஏறத்தாழ அடிமைகளாகவே நடத்தப்பட்ட மக்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அவர்கள் அலசிய காலத்தை ஒரு பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அக்காலத்தில் அங்கே காப்பித் தோட்டங்கள் நோயினாலும் பூச்சியினாலும் அழிந்துகொண்டிருந்தன. தோட்டக்காரர்கள் கடனில் இருந்தனர். 1874இல் ஆல்பா என்னும் கம்பெனி தேவாலாவில் பாறையை உடைத்துத் தங்கம் எடுக்கத் தொடங்கியது. அது தோண்டிய பாறைப்படிவத்துக்கு ‘ஸ்கல் ரீஃப்’ என்று பெயர், அதாவது மண்டையோட்டுப் படிவம். (பழவேற்காட்டு டச்சுக் கல்லறையின் வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய கற்களைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போயிற்று.) அடுத்த ஆண்டு அரசின் நிலவியல் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் இப்பகுதியைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டார். எனினும் பெருங்கூட்டத்தை இங்கே இழுத்தது அவருடைய எழுத்தன்று.

1879இல் இந்திய அரசு ராபர்ட் பிரௌ ஸ்மித் என்பவரை அழைத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் சுரங்கத்துறைச் செயலாளராக இருந்தவர்; அங்குள்ள தங்கவயல்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். இத்தகைய ஒருவர் மலையெங்கும் சுற்றி, கல்லைச் சோதித்து, நம்பிக்கையூட்டும் ஓர் அறிக்கை கொடுத்தார். பங்கு விற்றவர்களுக்கு அது போதுமானதாயிற்று. இரண்டொரு ஆண்டுகளுக்குள் இலண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள், நாற்பது இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட மூலதனம் அறிவித்துத் தோன்றின. பட்டுப்போன காப்பித் தோட்டங்கள் பொன்விளையும் பூமி என்று பல மடங்கு விலைக்குக் கைமாறின. சாலமோனுக்குப் பொன் வந்த ஓப்பீர் இந்தியாவின் மேற்குக் கரையில்தான் இருந்தது என்று வாதிட்ட வேத அறிஞர்களும் அந்நாளில் உண்டு. மயிலைக் குறிக்கும் எபிரெயச் சொல் நம் ‘தோகை’யிலிருந்து சென்றதென்பதும் அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று. செமினரியில் நான் இதைப் பெருமையோடு மனப்பாடம் செய்தது நினைவுக்கு வருகிறது.

பிறகு நடந்தது இதுதான். இங்கே தங்கம், வெண்ணிறப் படிகப் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளாக இருக்கிறது. பாறையை வெட்டி எடுத்து, நீராவியாலோ நீர்விசையாலோ இயங்கும் இரும்பு உலக்கைகளால் மாவாக இடித்து, பாதரசத்தில் தங்கத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கான இயந்திரங்கள் கப்பலில் வந்து, மாட்டுவண்டிகளில் மலையேறின. சில இயந்திரங்கள் நிறுவப்படாமலே வழியில் கிடந்து துருப்பிடித்தன. நிறுவப்பட்டவை இடிக்கத் தொடங்கியபோது, சோதனையில் கண்ட அளவு தங்கம் அரைவையில் கிடைக்கவில்லை. செலவுக்கே போதாத அளவே கிடைத்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அக்குகைகளைக் காடு மூடிக்கொண்டது. பங்கு வாங்கிய பலருக்குத் தேவாலா எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூடத் தெரிந்திராது.

தங்கம் எடுப்பதே வீண் என்று இதற்குப் பொருளன்று. அதே 1880இல் மைசூர் நாட்டில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய கோலார் சுரங்கம் 2001வரை இயங்கியது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி நம் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் அங்கே உழைத்தனர். தேவாலாவிலோ, தோண்டிய பாறையைவிட விற்ற காகிதத்தில்தான் மிகுந்த பணம் புரண்டது.

குகைவாயில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டபோது இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களோடு வந்திருந்த, இறால் பாடு உள்ள ஒரு மூத்த சகோதரர் கேட்டார்: “ஐயா, அந்த ஆஸ்திரேலியாக்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னாரா?”

அப்படி எண்ணுவதற்கு ஆதாரமில்லை, தாம் கண்டதை நம்பியே எழுதியிருப்பார் என்றேன்.

“அவர் நம்பினார். அவரை மற்றவர்கள் நம்பினார்கள். அப்படித்தானே, ஐயா?” என்றார் அவர். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஏன் நிறுத்தினார் என்பது அங்கிருந்த பெரியவர்கள் அனைவருக்கும் விளங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு முன், மாதந்தோறும் பெருவட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனம் நம் பகுதியில் கிளை திறந்தபோது, ஜெபித்துத் திறந்து வைத்தவன் நான். அப்போது எடுத்த படத்தை அவர்கள் நோட்டீசில் அச்சிட்டார்கள். வலைக்கென்று வைத்திருந்த பணத்தையும், மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த நகையை விற்ற பணத்தையும் நம் சபையார் சிலர் அங்கே கொண்டுபோய்க் கட்டினார்கள். ஒரு காலையில் அந்தக் கதவு பூட்டியிருந்தது. அதன்பின் உங்களில் எவரும் என்னிடம் குறைகூறவில்லை. ‘ஐயாவுக்கு எப்படித் தெரியும்’ என்றே சொன்னீர்கள். நானும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இத்தனை காலம் ஒதுங்கியிருந்தேன்.

எனக்குத் தெரியாதென்பது மெய். கேட்டிருக்க வேண்டும் என்பதும் மெய். உங்கள் பணத்துக்கு அத்தனை வட்டி எங்கிருந்து வரும் என்று அந்த மேலாளரிடம் ஒரு கேள்வியாவது நான் கேட்டதில்லை. ஏரியில் பாடு இறங்கும் முறை இன்று எந்தக் குடும்பத்துக்கு என்பதைச் சீட்டுப்போட்டு, எல்லார் கண்முன்னும் தீர்க்கிற ஊர் நம்முடையது. அப்படிப்பட்ட ஊருக்கு, கணக்கைக் காட்டாத ஒருவரை என் ஜெபத்தின் பேரால் அழைத்து வந்தேன். ஸ்மித்தைப் பற்றிப் படித்தபோது அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை; அவருடைய இடத்தில் என்னைக் கண்டேன். இதைப் பிரசங்க மேடையில் சொல்லும் துணிவு இதுவரை எனக்கு வரவில்லை. ஆகவே முதலில் இங்கே எழுதுகிறேன். வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் உங்கள் முன்னின்றும் சொல்லுவேன். என்னை மன்னியுங்கள்.

பணம் கட்டியவர்கள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆயர் இல்லத்துக்கு வாருங்கள். பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குத் தனித்தனியே மனு எழுத வழக்கறிஞர் ஒருவர் வருகிறார். ரசீது, பாஸ் புத்தகம் ஆகியவற்றின் மூலப்படிகளையும் இரண்டு நகல்களையும் கொண்டுவாருங்கள். ரசீதைத் தொலைத்தவர்களும் தயங்காமல் வரவேண்டும். நோட்டீசில் என் படம் இருந்ததை வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்திட்டு, அதை முதல் மனுவோடு இணைக்கிறேன்.