டெத் வேலி வட்டார நிலத்தடி நீரோட்ட மாதிரி

டெத் வேலி வட்டார நிலத்தடி நீரோட்ட மாதிரி என்பது ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா, கலிபோர்னியா மாநிலங்களிலுள்ள பாலைநிலப் படுகைகளின் அடியில் நீர் நகரும் விதத்தைக் கணிக்கும் கணினி மாதிரி ஆகும். இதனை ஐக்கிய அமெரிக்க நிலவியல் அளவைத்துறை 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டது.

நீரின் பாதை

இவ்வட்டாரத்தில் மழை மிகக் குறைவு. ஸ்பிரிங் மலைத்தொடர் போன்ற உயர்ந்த மலைகளில் பெய்யும் பனியும் மழையுமே நிலத்தடி நீருக்கு முதன்மை ஆதாரம். வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல், டோலமைட்டுப் பாறைகளின் வழியே இந்நீர் பள்ளத்தாக்குகளின் எல்லைகளையும் கடந்து செல்கிறது. ஒரு பகுதி ஆஷ் மெடோஸ் ஊற்றுகளில் வெளிப்படுகிறது. மற்றொரு பகுதி டெத் வேலியை அடைகிறது. இப்பள்ளத்தாக்கின் மிகத் தாழ்ந்த இடம் கடல்மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே உள்ளது. அங்கிருந்து நீர் கடலுக்குச் செல்ல வழியில்லை, ஆவியாகியே வெளியேறுகிறது.

மாதிரியின் அமைப்பு

மோட்ஃப்ளோ-2000 என்னும் மென்பொருள் இதில் பயன்படுகிறது. நிலப்பரப்பு 1,500 மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்களாக, 194 நிரைகள், 160 நிரல்கள், 16 அடுக்குகள் கொண்டு பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திற்கும் டார்சி விதியின்படி நீர்ச்சமன்பாடு எழுதப்பட்டு, அனைத்தும் ஒருசேரத் தீர்க்கப்படுகின்றன.

முதலில் 1913 க்கு முந்தைய இயற்கை நிலை கணிக்கப்பட்டது. அப்போது கிணறுகளில் பெருமளவு நீர் இறைக்கப்படவில்லை. உட்புகும் நீரும் வெளியேறும் நீரும் சமம் எனக் கொள்ளப்பட்டது. பின்னர் 1913 முதல் 1998 வரையிலான மாற்றங்கள் கணிக்கப்பட்டன.

அளவுத்திருத்தம்

பாலைநிலத்தில் எவ்வளவு நீர் பாறைக்குள் இறங்குகிறது என்பதை நேரடியாக அளப்பது கடினம். எனவே ஊற்றுகளின் பெருக்கும், தாவரங்கள் வழியாகவும் மண்ணிலிருந்தும் ஆவியாகும் நீரின் அளவும் முக்கியச் சான்றுகளாகின்றன. கணித்த மதிப்புகள் இவற்றோடும் கிணற்று நீர்மட்டங்களோடும் பொருந்தும்வரை பாறைகளின் நீர்க்கடத்துதிறன் திருத்தப்படுகிறது. நீர்மட்டத்தை மட்டும் நம்பினால் போதாது: நீர்வரத்தும் கடத்துதிறனும் ஒருங்கே இருமடங்கானாலும் அதே நீர்மட்டமே விடையாகக் கிடைக்கக்கூடும்.

முக்கியத்துவம்

நெவாடா சோதனைக் களத்தில் 1951 முதல் 1992 வரை அணுவாயுதச் சோதனைகள் நடைபெற்றன. நிலத்தடியில் எஞ்சிய கதிரியக்கப் பொருட்கள் எத்திசையில் செல்லக்கூடும் என்பதை அறிய நீரோட்டம் பற்றிய அறிவு தேவை.

ஆஷ் மெடோஸ் அருகிலுள்ள டெவில்ஸ் ஹோல் என்னும் நீர்க்குகையில் மட்டுமே இயற்கையாக வாழும் பப்ஃபிஷ் என்ற சிறுமீனும் இந்நீரையே சார்ந்துள்ளது. 1960களின் இறுதியில் அருகிலுள்ள வேளாண் கிணறுகளால் அங்கு நீர்மட்டம் தாழ்ந்து, அம்மீன் முட்டையிடும் பாறைத்திட்டு வெளியே தெரியலாயிற்று. நீர் இறைப்பைக் கட்டுப்படுத்தும் ஆணையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976 இல் உறுதிசெய்தது. மனிதத் தலையீட்டின் அளவை அறிய, அதற்கு முந்தைய இயற்கை நீரோட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

வரம்புகள்

கட்டங்கள் பெரியவை ஆதலால் ஒரு தனிக் கிணற்றைச் சுற்றிய நீர்மட்டத் தாழ்வையோ குறுகிய பிளவின் வழியான ஓட்டத்தையோ இம்மாதிரி துல்லியமாகக் காட்டாது. வட்டார அளவிலான கேள்விகளுக்கே இது ஏற்றது.