காய்ச்சலோட கேமிங் திருவிழாவுக்குப் போகலாமா?

"சனிக்கிழமை சென்னையில காமிக் கானாம் டாக்டர். யூட்யூப்ல கேம் ஆடுறவங்களை நேர்ல பார்க்கணுமாம். அனுப்பலாமா?" குத்தாலத்து அம்மா ஒருத்தங்க கேட்டது. பக்கத்துல காலேஜ் படிக்கிற பையன், 101 டிகிரி காய்ச்சலோட. அன்னைக்குப் புதன்கிழமை.

சொந்தங்களே, பதிலுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு.

1994. ஸ்வீடனில் மாலுங் என்ற சிற்றூர். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பசங்க அவங்கவங்க கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து சேர்ந்து ஆடினாங்க. அதுதான் ட்ரீம்ஹேக். 2018ல் மும்பைக்கே வந்துடுச்சு.

2011ல் ட்விட்ச் தளம் வந்தது. தான் ஆடுறதை விட்டுட்டு அடுத்தவர் ஆடுறதைப் பார்க்கவே கூட்டம் சேர்ந்தது. (நம்ம ஊர்ல கிரிக்கெட்டை அப்படித்தானே பார்க்கிறோம்? கேலி பண்ணாதீங்க.) 2015 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் முதல் ட்விட்ச்கான். 20,000 பேருக்கு மேல் வந்தாங்க. ராத்திரி முழுக்கத் தனி அறையில் உட்கார்ந்து சாட்டில் மட்டும் பேசினவங்க, முதல் தடவையா முகம் பார்த்துக்கிட்டாங்க. எனக்கு இதுல நோய் எதுவும் தெரியலை. மருந்து மாதிரிதான் தெரியுது.

ஆனா உடம்போட வந்தா, உடம்போட சங்கடமும் வரும். 2022 ட்விட்ச்கானில் ஸ்பாஞ்சுத் துண்டுகள் நிரப்பிய பள்ளத்தில் ஒரு ஸ்ட்ரீமர் குதிச்சாங்க. ஸ்பாஞ்சு போதலை, அடியில் கெட்டித் தரை. முதுகெலும்பு இரண்டு இடத்தில் முறிஞ்சுது. தென்னை மரத்திலிருந்து உட்கார்ந்த வாக்கில் விழுறவங்களுக்கு வர்ற அதே முறிவு. இடுப்பில் வாங்குற அடி நேரா முதுகெலும்புக்கு ஏறும்.

அந்தப் பையனுக்கு நான் சொன்னது 2009 கதை. சியாட்டிலில் பேக்ஸ் என்ற வீடியோ கேம் திருவிழா. பன்றிக் காய்ச்சல் பரவிய வருஷம். கைகுலுக்கல், ஒரே கன்ட்ரோலர் கை மாறி மாறி, மூடின அரங்கு. திரும்பிப் போனவங்கள்ல கிட்டத்தட்ட 100 பேருக்கு எச்1என்1. மாயவரம் கடைமுகத்துக்குக் காவிரியில முழுகப் போற கூட்டமானாலும், கேம் கூட்டமானாலும் வைரஸுக்கு வித்தியாசம் தெரியாது.

"பாராசிட்டமால் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லேன்னா பஸ் ஏறு. இருந்தாலும் மாஸ்க் போட்டுக்கோ. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்து காட்டு" என்றேன். பையன் முகம் சுண்டிப் போச்சு. அம்மா மெதுவா, "டிக்கெட்டை அடுத்த நாளைக்கு மாத்த முடியுமாடா?" என்று கேட்டாங்க.