அடியில் இருக்கும் அழுத்தம்



1957 மே 20 அன்று பிரதமர் நேரு நெய்வேலிச் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டதோ 1961 ஆகஸ்டில்தான். நிலக்கரிப் படுகையின் அடியிலுள்ள நீர், சுரங்கத் தளத்தையே உடைத்தெழும் அழுத்தமுடையது. ஆகவே ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து இரவும் பகலும் நீரை இறைத்தார்கள், இன்றும் இறைக்கிறார்கள். ஒருநாள் இறைத்தால் போதாது.

நிலம் கொடுத்து இடம்பெயர்ந்தோரும், பணி ஓய்வுபெற்றுக் குடியிருப்பைக் காலிசெய்வோரும் நம் நடுவில் உண்டு. அவர்கள் உள்ளத்தின் அழுத்தம் வெளியே தெரிவதில்லை. அச்சமின்றிச் சொல்லி அழ இடமில்லாவிடில் அது உடைத்தெழும். மோசேயின் கைகளை ஆரோனும் ஊரும் சூரியன் அஸ்தமிக்கும்வரை தாங்கினார்களே!

இவ்வாரம் ஒரு வீட்டிற்குச் சென்று, அறிவுரை கூறாமல் கேளுங்கள், கேட்டதை வெளியே சொல்லாதிருங்கள், மறுவாரமும் செல்லுங்கள். கர்த்தர் நம் சபையை அத்தகைய அடைக்கலமாக்குவாராக. ஆமென்.