லீவு வேகன்சி டீச்சர்

சித்தி வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. போன தடவை சாத்தான்குளம் போயிருந்தப்போ இறக்கித் திறந்தோம். உள்ளே வேலைவாய்ப்பு அலுவலக அட்டை ஒன்று. பின்பக்கம் முழுக்க ரினிவல் முத்திரை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பதிவு மூப்பு போய்விடும் என்பதால் பஸ் பிடித்துப் போய் வாங்கிய முத்திரைகள். கூடவே ஒரு கட்டு அனுபவச் சான்றிதழ். மூன்று மாதம், இரண்டரை மாதம், நாற்பது நாள். எல்லாம் யாரோ ஒரு டீச்சர் பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ லீவு போட்ட இடைவெளியில் சித்தி பார்த்த வேலை. ஊரில் இதற்குப் பேர் ‘லீவு வேகன்சி’. கூட்டிப் பார்த்தேன். நான்கு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. நிரந்தர வேலை கடைசி வரை வரவில்லை.

வாத்தியார்களுக்குப் பேர்போன வட்டாரம் இது. இங்கே வாத்தியார் வேலை எப்போதிலிருந்து தற்காலிகமாச்சு என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்த விடை தலைகீழாக இருந்தது. தற்காலிகம்தான் இங்கே பழைய வழக்கம். நிரந்தரம் நடுவில் கொஞ்ச காலம் வந்து போனது.

சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் உள்ள முதலூர் 1799-ல் உருவான கிறிஸ்தவக் குடியிருப்பு. அதன்பின் இடையன்குடியில் கால்டுவெல், சாயர்புரத்தில் ஜி.யு.போப், நாசரேத்தில் மர்காசிஸ் என்று மிஷன் பள்ளிகள் பெருகின. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெயரிலான நிறுவனம் பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றுவித்து வெளியே அனுப்பியது. சின்ன ஊர்களில் உபதேசியாரே வாத்தியாரும். சம்பளம் மிஷன் கொடுப்பது. எங்கே போகச் சொன்னாலும் போகணும்.

1854-ன் உட் அறிக்கைக்குப் பிறகு அரசு மானியம் வந்தது. சென்னை மாகாணத்தில் அது கொஞ்ச காலத்திலேயே ‘தேர்ச்சிக்கேற்ற மானியம்’ ஆனது. இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கில் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பணம். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வாத்தியார் வீட்டில் அடுப்பு எரியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இந்த முறை கைவிடப்பட்டது.

அதன் பிறகும் உதவி பெறும் பள்ளிகளில் மேனேஜர் வைத்ததுதான் சட்டம். 1973-ன் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், கல்வித்துறையின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை நீக்கக் கூடாது என்றது. (சிறுபான்மைப் பள்ளிகள் இதை எதிர்த்து நீதிமன்றம் போனது தனிக் கதை.) 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ‘வாத்தியார் மாப்பிள்ளை’க்கு மவுசு கூடிய காலம் அது. சித்தி ஆசிரியர் பயிற்சி முடித்து அட்டை பதிந்ததும் அந்த 80-களில்தான். தூத்துக்குடியைத் தலைநகராகக் கொண்டு 1986-ல் சிதம்பரனார் மாவட்டம் பிரிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அந்தக் கதவு 2003-ல் பாதி சாத்தப்பட்டது. அந்த வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை. ஜூலையில் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம். ஒரே வீச்சில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் டிஸ்மிஸ். பெரும்பாலோர் பிறகு வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் அதையொட்டிப் புதிதாக எடுத்த ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில்தான் சேர்க்கப்பட்டார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000, பட்டதாரி ஆசிரியருக்கு 4,000. 2006 ஜூன் 1-ல்தான் காலமுறை ஊதியம் கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷங்கள் பணிக்காலத்தில் சேரவில்லை.

இதற்குப் பிறகு தேதிதான் தலையெழுத்து. 2009 மே 31-ல் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370. மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையலுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு.

அதே 2012 ஜூலையில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு. எழுதியவர்கள் ஆறரை லட்சத்துக்கு மேல்; தேறியவர்கள் 2,448. ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்று அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுபடி நடத்தினார்கள். சித்தி இரண்டையும் எழுதினாள். தேறவில்லை. தேறியிருந்தாலும் அடுத்து வந்த ‘வெயிட்டேஜ்’ முறையில் பிளஸ் டூ மார்க்கும் கணக்கு. 80-களில் வாங்கிய மார்க்கை 2010-களில் வாங்கிய மார்க்கோடு ஒரே தராசில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும் என்று சொல்ல வேண்டியதில்லை. பதிவு மூப்பு அட்டை அத்தோடு வெறும் காகிதம்.

இத்தனைக்கும் லீவு வேகன்சி குறையவில்லை. மகப்பேறு விடுப்பு 2011-ல் 90 நாளிலிருந்து ஆறு மாதம் ஆனது. 2016-ல் ஒன்பது, 2021-ல் பன்னிரண்டு. நல்ல விஷயம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் தொடக்கப்பள்ளியில் இரண்டே ஆசிரியர். ஒருவர் ஒரு வருஷம் லீவில் போனால் மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்பையும் பார்க்கணும். தேரிக்காட்டு ஓரத்தில் உள்ள ஒரு சின்னப் பள்ளியில் அந்த ஒரு வருஷம்தான் ஒரு பிள்ளைக்கு எழுத்துக் கூட்டப் பழகும் வருஷம். அது திரும்ப வராது.

2022 ஜூனில் 13,331 தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுக்க அரசு அறிவித்தது. இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. தகுதித் தேர்வில் தேறிக் காத்திருப்பவர்கள் கொதித்தார்கள். வழக்கு மதுரைக் கிளைக்குப் போனது. வழிகாட்டுதல்களை மாற்றித்தான் மேலே நகர முடிந்தது.

ஆளில்லாத வகுப்பு ஒரு பக்கம், வகுப்பில்லாத ஆள் ஒரு பக்கம். நடுவில் அரசு வைக்கும் பாலம் எப்போதும் மலிவான பாலமாகவே இருக்கிறது. மேனேஜர், தொகுப்பூதியம், பகுதிநேரம், மேலாண்மைக் குழு என்று பெயர்ப்பலகைதான் மாறுகிறது. மாற்று ஆசிரியர் என்பவர் எல்லா வருஷமும் தேவைப்படும் ஆள். அப்படியிருக்க அவரை ஒரு நிரந்தரப் பணியிடமாக வைத்துக்கொண்டு, தேவைப்படும் பள்ளிக்கு அனுப்புவதில் என்ன சிக்கல் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

அந்த 2022 அறிவிப்பைச் சித்தியிடம் போனில் வாசித்துக் காட்டியிருந்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “அந்த ஏழாயிரத்தி ஐநூறு லீவு நாளைக்கும் உண்டாடே?”