வெண்ணெய்நல்லூர் வழக்கும் கயிறு சாத்திய ஏடும்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் உள்ள கெடாருக்குத் தெற்கே, பெண்ணையாற்றைக் கடந்தால் வரும் திருவெண்ணெய்நல்லூர், தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இடைப்பட்டதால் நடுநாடு எனப்பட்ட நிலப்பகுதியின் பழைய சிவத்தலங்களுள் ஒன்றாகும். ஒருவர் தமக்கென வகுத்துக்கொண்ட வாழ்க்கை திடீரெனத் திசைமாறும்போது, அம்மாற்றம் திருவுளத்தால் நேர்ந்ததா, வெறும் இடையூறா என்று தெளியும் சிக்கலை இவ்வூரோடு தொடர்புடைய இரு வரலாறுகள் எடுத்துரைக்கின்றன. இரண்டிலும் மனத்தில் தோன்றிய எண்ணம் மட்டும் போதுமான சான்றாகக் கொள்ளப்படவில்லை.

முதலாவது, தேவாரம் பாடியவர்களுள் ஒருவரும் சுந்தரர் எனப்படுபவருமான நம்பியாரூரரின் வரலாறு. திருநாவலூரில் ஆதிசைவ அந்தணரான சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்து, திருமுனைப்பாடி நாட்டு மன்னர் நரசிங்க முனையரையரிடம் வளர்ந்த அவருக்கு, புத்தூர்ச் சடங்கவி சிவாச்சாரியாரின் மகளை மணம் பேசி முடித்திருந்த நிலையில், மணப்பந்தலுக்கு வந்த முதியவர் ஒருவர் மணமகன் தமக்கு அடிமை என்றும், அதற்கு அவருடைய பாட்டனார் எழுதித் தந்த ஆளோலை, அதாவது அடிமை முறி, தம்மிடம் உள்ளது என்றும் வழக்குத் தொடுத்தார். அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது எங்கும் கேட்டறியாதது என்று வாதிட்ட சுந்தரர், ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலை என்றும் மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்றும் கூறிய முதியவர், வழக்கை வெண்ணெய்நல்லூர் ஊரவைக்குக் கொண்டுசென்றார்.

அவையில் நடந்ததைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் ஒரு வழக்குமன்றப் பதிவு போலவே விரிக்கிறார். நெடுநாள் வழங்கிவரும் ஆட்சி, எழுத்துச் சான்றாகிய ஆவணம், அயலார் கண்டு கூறும் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றால் வழக்கை மெய்ப்பிக்க வேண்டும் என்று அவையோர் கேட்க, முதியவர் மூலவோலையை நீட்டினார். அதை ஊர்க் கரணத்தான், அதாவது கணக்கெழுதுவோன், உரக்கப் படித்தான். பாட்டனார் எழுதிக் காப்பில் வைத்திருந்த வேறோர் ஓலையோடு எழுத்து ஒப்பிடப்பட்டது. இரண்டும் ஒத்திருந்ததால் சுந்தரர் தோற்றார் என்று அவை தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின் உம் வீடு எங்கே என்று கேட்டவர்களைத் திருவருட்டுறைக் கோயிலுக்கு அழைத்துச்சென்று முதியவர் மறைந்த பிறகே, வந்தவர் சிவபெருமானே என்பது தெரிந்தது. ஆகவே சுந்தரர் தலைவணங்கியது முதலில் சான்றுக்கு. தெய்வத்துக்கு அதன் பின்னரே. இந்தக் கதையின் நுட்பம் இவ்வரிசையில்தான் உள்ளது.

பெரியபுராணம், அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் எழுந்த நூலாதலால், அதில் காணும் வழக்கு நடைமுறையைச் சுந்தரர் காலத்ததாகக் கொள்வதைவிடச் சோழர் கால ஊரவைகளை அறிந்த புலவரின் சித்திரமாகக் கொள்வதே பொருந்தும். மனிதர்களை விற்றதையும் கோயிலுக்கு அளித்ததையும் குறிக்கும் சோழர் காலக் கல்வெட்டுகள் கிடைத்திருப்பதால், ஆளோலை என்பதும் வெறும் கற்பனை அன்று. எனினும் இறைவன் வெண்ணெய்நல்லூரில் ஆவணம் காட்டித் தம்மை ஆட்கொண்டதைச் சுந்தரரே தம் பதிகங்களில் குறிப்பிடுவதால், கதையின் கரு அவருடையதே. மணம் தடைப்பட்ட ஊர் மணம்தவிர்ந்தபுத்தூர் என்று பெயர் பெற்றது. அங்கே காத்திருந்த மணமகளோ சுந்தரரையே நினைந்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று புராணம் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. அவளுடைய வாழ்க்கையும் அன்றே திசைமாறியது. அவளுக்கென எந்த அவையும் கூடவில்லை.

இரண்டாவது வரலாறு 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவான சகலாகம பண்டிதரை அணுக, அவர் தேவாரச் சுவடிக்குப் பூசை செய்து கயிறு சாத்திப் பார்த்தார். ஓலைக் கட்டின் இடையே கயிற்றைச் செலுத்தி, அது சேரும் ஏட்டில் உள்ள பதிகத்தைத் திருவுள விடையாகக் கொள்வதே கயிறு சாத்துதல். வந்தது திருவெண்காட்டு முக்குள நீராடலின் பயனைக் கூறும் சம்பந்தர் பதிகம். ஏடு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை. பாடலைத் தருகிறது, அதன் பொருளை உணர்த்தக் குரு வேண்டியிருக்கிறது. வெண்காடு சென்று வழிபட்டவருக்கு, இப்பிறவியில் மகப்பேறு இல்லையாயினும் சம்பந்தன் சொல்லை நம்பியதால் அளித்தோம் என்னும் பொருள்பட இறைவன் கனவில் அருளியதாக மரபு கூறுகிறது.

அவ்வாறு பிறந்த சுவேதவனப்பெருமாள் திருவெண்ணெய்நல்லூரில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவரிடம் உபதேசமும் மெய்கண்டார் என்னும் பெயரும் பெற்று, 12 சூத்திரங்களாலான சிவஞானபோதத்தை அருளினார். தாம் கயிறு சாத்திய பயனாகப் பிறந்த பிள்ளை ஆசிரியராக வீற்றிருப்பதைக் கேள்வியுற்று ஆராய வந்த சகலாகம பண்டிதர், உயிரை மறைக்கும் அழுக்காகிய ஆணவ மலத்தின் வடிவம் யாது என்று வினவ, மெய்கண்டார் விடையாக அவரையே ஏற இறங்க நோக்கினார். முதிய குலகுரு அங்கேயே மாணவராகி, அருணந்தி சிவாசாரியர் என்னும் பெயருடன் சிவஞான சித்தியாரை இயற்றினார்.