சார்லி வாட்ஸ் சேகரிப்பு ஏலம்

சார்லி வாட்ஸ் சேகரிப்பு ஏலம் என்பது, த ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞராக விளங்கிய சார்லி வாட்ஸ் (ஜூன் 2, 1941 - ஆகஸ்ட் 24, 2021) திரட்டி வைத்திருந்த நூல்களும் ஜாஸ் இசை நினைவுப்பொருட்களும் 2023 செப்டம்பரில் இலண்டன் கிறிஸ்டீஸ் நிறுவனத்தால் விற்கப்பட்ட நிகழ்வாகும். ராக் கலைஞர் ஒருவரின் உடைமைகள் ஏலத்திற்கு வரும்போது கிதார்களும் மேடை உடைகளுமே பொதுவாகப் பேசப்படும். இந்த ஏலத்திலோ பெரிதும் பேசப்பட்டவை புதினங்களின் முதற்பதிப்புகள். ஒருவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவை அவருக்குப் பின் என்னவாகின்றன என்பதற்கு இது நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஓர் எடுத்துக்காட்டாகும்.

சேகரிப்பாளர்

வாட்ஸ் இலண்டனில் பிறந்தவர். ஹாரோ கலைப்பள்ளியில் பயின்று, விளம்பரத் துறையில் வரைகலைஞராகப் பணியாற்றியவர். 1963 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் இணைந்து, இறக்கும்வரை அதில் நீடித்தார். ராக் இசையால் புகழ் பெற்றாலும் அவருடைய முதற்காதல் ஜாஸ் இசையே. சாக்சபோன் மேதை சார்லி பார்க்கரைப் பற்றி அவர் படங்களுடன் உருவாக்கிய சிறு நூல் 1960களில் வெளிவந்தது. இசைப் பயணங்களில் தாம் தங்கிய விடுதி அறைகளின் படுக்கைகளை ஒன்றுவிடாமல் வரைந்து வைக்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது. ஓட்டுநர் உரிமம் இல்லாதவராயினும் பழைய மகிழுந்துகளை வாங்கி வைத்திருந்தார். அவற்றின் அழகுக்காகவே வாங்கினார் என்பர்.

அவரது நூற்சேகரிப்பு இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியைச் சேர்ந்த ஆங்கில, அமெரிக்க இலக்கியத்தை, சிறப்பாகத் துப்பறியும் கதைகளை, மையமாகக் கொண்டது. அவர் விரும்பிய ஜாஸ் இசை வளர்ந்த காலமும் அதுவே. ஆகவே நூல்களையும் இசைப் பொருட்களையும் இரு தனிச் சேகரிப்புகளாகக் கருதுவதைவிட, ஒரே காலத்தின் இரு முகங்களாகக் கொள்வது பொருத்தமானது.

1964இல் வாட்ஸ் மணந்த ஷெர்லி 2022 டிசம்பரில் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டில் சேகரிப்பு விற்பனைக்கு வந்தது.

ஏலம்

ஏலம் இரு பகுதிகளாக நடைபெற்றது. முதற்பகுதி 2023 செப்டம்பர் 28 அன்று ஏலக்கூடத்தில் நேரடியாக நடந்தது. இரண்டாம் பகுதி இணையவழியில் நடத்தப்பட்டு மறுநாள் நிறைவுற்றது.

மிகுந்த கவனம் பெற்றது எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதிய த கிரேட் கேட்ஸ்பி (1925) புதினத்தின் முதற்பதிப்புப் படி. இப்பதிப்பில் 20,870 படிகள் அச்சிடப்பட்டு, ஒன்று இரண்டு டாலருக்கு விற்கப்பட்டது. எண்ணிக்கையால் அது கிடைத்தற்கரிய நூல் அன்று. வாட்ஸின் படியைத் தனித்துக் காட்டியது ஆசிரியரின் கையெழுத்தே. திரைக்கதை எழுத்தாளர் ஹரால்டு கோல்டுமனுக்கு அதை வழங்கிய ஃபிட்ஸ்ஜெரால்டு, அவரையே அசல் கேட்ஸ்பி என்று அதில் குறிப்பிட்டிருந்தார். இப்படி 2,26,800 பவுண்டுக்கு (அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2.3 கோடி ரூபாய்) விலைபோனது.

ஆர்தர் கொனன் டாயிலின் த ஹவுண்ட் ஆஃப் த பாஸ்கர்வில்ஸ் (1902) 2,14,200 பவுண்டு பெற்றது. இக்கதையை எழுதுமுன் அதன் களமாகிய டார்ட்மூர் நிலப்பகுதியில் தாம் நடந்து திரிந்ததை ஆசிரியர் அப்படியில் தம் கையால் குறித்திருந்தார். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் சிறுகதைத் தொகுப்பான த தர்ட்டீன் பிராப்ளம்ஸ் (1932) 60,480 பவுண்டுக்கு விற்றது.

விலை அமைந்த விதம்

மேற்கண்ட தொகைகளை ஏலக்கூடத்தில் கேட்கப்பட்ட விலைகள் என்று கொள்ளலாகாது. ஏலத்தை நடத்துபவர் சுத்தியலைத் தட்டி முடிக்கும் விலையின்மேல் வாங்குபவர் தனியே ஒரு கட்டணம் செலுத்த வேண்டும். அப்போதைய கிறிஸ்டீஸ் விதிப்படி இந்த விலை வரம்பில் அது 26 விழுக்காடு. அதனைக் கழித்தால் கேட்ஸ்பி 1,80,000 பவுண்டுக்கும், ஹவுண்ட் 1,70,000 பவுண்டுக்கும், கிறிஸ்டியின் நூல் 48,000 பவுண்டுக்கும் முடிந்தமை புலனாகும்.

கேட்ஸ்பிக்கு முன்கூட்டி வெளியிடப்பட்ட மதிப்பீடு 2 முதல் 3 இலட்சம் பவுண்டு. சுத்தியல் விலை அதன் கீழ் எல்லையைக்கூட எட்டவில்லை. செய்திகளில் வரும் இறுதித் தொகை மட்டும் இதனை மறைத்துவிடுகிறது. 70,000 முதல் 1,00,000 பவுண்டு வரை மதிப்பிடப்பட்ட ஹவுண்டோ மேல் எல்லையை வெகுவாகத் தாண்டியது. புகழ்பெற்றவரின் அலமாரியில் இருந்தது என்பதால் எல்லா நூலும் ஒரே அளவில் விலை உயர்வதில்லை என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

கொங்கு நாட்டவருக்கு ஏலம் அன்றாட வழக்கு. ஆனால் அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பருத்தியும் கொப்பரையும் பெரும்பாலும் மறைமுக ஏலத்தில் விற்கின்றன. அடுத்தவர் எழுதிய விலையை வணிகர் அறியமாட்டார். நூல் ஏலத்தில் ஒவ்வொரு கேள்வியும் வெளிப்படையானது; போட்டியிடும் இருவரின் பிடிவாதமே விலையை ஏற்றும். மேலும் பருத்திக்குச் சந்தை விலை என்று ஒன்று உண்டு. ஆசிரியர் ஒருவருக்கென்று எழுதிக் கொடுத்த ஒற்றைப் படிக்கு அது கிடையாது.

சிதறலும் காப்பும்

ஏலம் முடிந்ததும் சேகரிப்பு பல கைகளுக்குப் பிரிந்துவிடுகிறது. எந்த நூல்கள் ஒன்றாக இருந்தன என்பதை அறிய, பின்னர் எஞ்சுவது ஏலப் பட்டியலே. ஆய்வாளருக்கு இது இழப்புதான். எனினும் முந்தைய சேகரிப்புகள் கலைந்து சந்தைக்கு வராமல் வாட்ஸ் போன்றவர் எதையும் திரட்டியிருக்க முடியாது என்பதையும் மறுக்கவியலாது.

தமிழ்நாட்டில் இதற்கு மாறான முடிவு கண்டது ரோஜா முத்தையாவின் சேகரிப்பு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த அவர், நூல்களோடு இதழ்கள், நாடக அறிவிப்புகள், திருமண அழைப்பிதழ்கள், கடிதங்கள் எனச் சுமார் ஓர் இலட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அவற்றை முழுமையாக வாங்கியது. மூலப் படிகள் நாட்டைவிட்டுச் செல்லவில்லை. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கப்பட்டது. திருமண அழைப்பிதழைத் தனியே ஏலமிட்டால் கேட்பாரிருந்திரார். ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்தபோது அவை அச்சு வரலாற்றுக்கும் சமூக வரலாற்றுக்கும் சான்றாயின.

கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு (1893 - 1974) திரட்டிய பொறிகளும் கருவிகளும் அவர் பெயரிலான அறநிலையத்தின் பொறுப்பில் அவினாசி சாலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. பழைய மகிழுந்துகளுக்கென ஒரு தனி அருங்காட்சியகமும் 2015இல் அச்சாலையிலேயே திறக்கப்பட்டது.