காவலுக்கு வந்தவரின் கையெழுத்து
கரையோரக் காணிகள் – வரலாற்றுத் தொடர்

2010 நவம்பரில் கொட்டிய ஒரு நாள் மழையில் இலங்கைப் பாராளுமன்ற வளாகத்துக்குள் வெள்ளம் புகுந்தது. தியவன்னா ஓயாவின் நடுவே ஜெப்ரி பாவா வடிவமைத்து, 1982இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. நாட்டுக்குச் சட்டம் இயற்றும் இடத்தைச் சுற்றிலும் தண்ணீர் ஏறி நின்ற படங்கள் மறுநாள் பத்திரிகைகளில் வந்தன. பத்தரமுல்லை, தலங்கம, கோட்டை என்று அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் வயலும் சதுப்புமாகக் கிடந்தது. மழை வந்தால் தண்ணீர் அங்கே தங்கும், பிறகு மெல்ல வடியும். தங்க இடம் குறைந்துபோனால் தண்ணீர் தானாகவே வேறு இடம் தேடிக்கொள்ளும். குளக்கட்டுக்குக் கீழே வாழ்ந்து பழகிய புத்தளத்து மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்தச் சதுப்பில் ஒரு பகுதிக்கு நேர்ந்த கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். நம் கரையிலிருந்து தூரமான இடம்தான். ஆனால் அங்கே ஒரு வழக்கில் நிலைநாட்டப்பட்ட நீதி, முந்தல் முதல் கற்பிட்டி வரையுள்ள ஒவ்வொரு அரச காணிக்கும் உரியது. அதனால் இதைச் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும்.

புதிய தலைநகரை அமைக்கும் வேலைகள் நடந்துகொண்டிருந்த 1984இல், பத்தரமுல்லையில் பெருமளவு தாழ்நிலத்தை அரசாங்கம் சுவீகரித்தது. அதற்குப் பயன்பட்டது 1980ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நகர அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டம். ஒரு காணி அவசரமாகத் தேவை என்று ஜனாதிபதி கட்டளையிட்டுவிட்டால், அதைத் தடுத்து நிறுத்த நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்கும் வழியையும் அந்தச் சட்டம் குறுக்கிவிட்டது. வயல்காரர்கள் காணியைக் கொடுத்தார்கள். கொடுக்காதிருக்க அவர்களுக்கு வழியும் இல்லை. அவர்களிடம் சொல்லப்பட்ட காரணம் பொதுத் தேவை. வெள்ளம் தங்க இடம் வேண்டும், தலைநகரத்துக்குத் திறந்த வெளி வேண்டும் என்றார்கள். நியாயமான காரணம்தான்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அதே காணி ஒரு தனியார் கம்பனியின் கைக்குப் போனது. ஏசியா பசிபிக் கோல்ப் கோர்ஸ் லிமிடெட் என்பது கம்பனியின் பெயர். தண்ணீர் தங்க வேண்டிய நிலத்தில் கோல்ப் மைதானமும், வசதி படைத்தவர்கள் கூடும் மாளிகையும் எழுந்தன. அப்போது சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க ஜனாதிபதி. அவர் அமைச்சரவைக்குச் சமர்ப்பித்த பத்திரமே இந்தக் கைமாற்றத்துக்கு வழிவிட்டது என்று பின்னாளில் நீதிமன்றம் கண்டது.

இதில் எங்கேயும் பூட்டு உடைக்கப்படவில்லை, வேலி பிடுங்கப்படவில்லை. பொதுத் தேவைக்கு என்று ஒரு வர்த்தமானி, அபிவிருத்திக்கு என்று ஓர் அமைச்சரவைப் பத்திரம், கடைசியில் ஒரு குத்தகை அல்லது உறுதி. ஒவ்வொரு தாளிலும் முத்திரையும் கையெழுத்தும் ஒழுங்காக இருக்கும். காணியைக் கொடுத்த வயல்காரர் ஒருநாள் அந்தப் பக்கம் போகும்போது வாசலில் காவலாளி நின்று தடுப்பார். அப்போதுதான் அவருக்கு விசயம் தெரியும். பொதுக் காணி தனியார் காணியாவது பெரும்பாலும் இந்த வழியில்தான். புல்டோசர் வருவதற்கு வெகு காலம் முன்பே வேலை முடிந்துவிடுகிறது. அதனால்தான் மரம் விழும்போது கூடிச் சத்தம் போடுவதோடு நம் கடமை தீராது என்று இந்தத் தொடரில் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

2007இல் பாராளுமன்றத்தின் கோப் குழு, அதாவது பொது முயற்சியாண்மைகள் பற்றிய குழு, அரச நிறுவனங்களில் நடந்த கொடுக்கல் வாங்கல்களைத் துருவி ஓர் அறிக்கையை வெளியிட்டது. அப்போது குழுவின் தலைவர் விஜேதாச ராஜபக்ஷ. அதே ஆண்டு சுகதபால மெண்டிஸ் உள்ளிட்ட இரு குடிமக்கள், பத்தரமுல்லைக் காணி விவகாரத்தை அடிப்படை உரிமை மீறல் மனுவாக உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். வழக்கு இலக்கம் 352/2007. மனுவின் முன்னால் இரண்டு பெரிய தடைகள் இருந்தன. உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. இங்கே ஆண்டுக்கணக்கு ஓடிவிட்டது. அடுத்தது, பதவியிலிருக்கும் ஜனாதிபதிக்கு எதிராக வழக்குத் தொடர முடியாது என்ற 35ஆம் உறுப்புரையின் பாதுகாப்பு. 2005இல் பதவியை விட்டுப் போன ஒருவருக்கு அந்தப் பாதுகாப்பு தொடருமா என்ற கேள்வி எழுந்தது.

2008 ஒக்டோபர் 8ஆம் திகதி தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதியரசர் ஷிராணி திலகவர்தன. பிரதம நீதியரசர் சரத் என். சில்வாவும் அந்த ஆயத்தில் இருந்தார். பதவிப் பாதுகாப்பு பதவியோடு முடிந்துபோகும் என்றது நீதிமன்றம். மறைத்து நடத்திய காரியத்துக்குக் கால எல்லையைக் கேடயமாகப் பிடிக்க இடமில்லை என்றும் கண்டது. காணி வழங்கியது இரத்தானது. முன்னாள் ஜனாதிபதி 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டும் என்று உத்தரவாயிற்று. நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருந்த ஒருவர், பொதுக் காணியைக் கையாண்ட விதத்துக்காகத் தன் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும் என்று இலங்கையின் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை இன்று வாசித்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

தீர்ப்பின் அடித்தளம் பொது நம்பிக்கைக் கோட்பாடு. அரச காணிக்கும் ஆற்றுக்கும் காட்டுக்கும் ஆட்சியாளர் சொந்தக்காரர் அல்லர், மக்களுக்காக அவற்றைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பேற்றவர் மட்டுமே. இந்தக் கோட்பாட்டை நம் நீதிமன்றம் அதற்கு முன்பே அழுத்தமாகச் சொல்லியிருந்தது. 2000ஆம் ஆண்டில், நம் மாவட்டத்தை அடுத்த அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் பொஸ்பேற்றுப் படிவத்தை வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு ஒப்படைக்க அரசாங்கம் முனைந்தது. விவசாயிகள் சிலர் வழக்காடி அதைத் தடுத்தார்கள். அந்தத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் அமரசிங்க, மகிந்த தேரர் தேவநம்பிய தீசனுக்கு உரைத்ததாக வரும் பழைய அறிவுரையையும் எடுத்துக்காட்டினார். நிலம் எல்லா உயிர்களுக்கும் உரியது, மன்னன் அதன் காவலன் என்பதே அதன் கருத்து. குளத்து நீரைப் பங்கிட்டு உண்ட ஒரு நாட்டில் இந்தக் கோட்பாட்டை வெளியிலிருந்து வந்த சட்டச் சரக்காக யாரும் பார்க்க முடியாது.

இந்தியாவில் இதே கேள்வி இன்னும் நேரடியாக எழுந்தது. பெங்களூர் சதாசிவநகரில் பூங்காவுக்கென்று திட்டத்தில் ஒதுக்கப்பட்ட இடம், முதலமைச்சர் மட்டத்து உத்தரவின் பேரில் தனியார் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டது. அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்காடினார்கள். மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் 1991இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. பூங்கா பூங்காவாகவே இருக்க வேண்டும் என்று முடிந்தது. 1996 டிசம்பரில் வந்த கமல்நாத் வழக்கும் அப்படித்தான். அவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த காலத்தில், அவருடைய குடும்பத்துக்குத் தொடர்புள்ள ஒரு விடுதிக் கம்பனிக்கு பியாஸ் ஆற்றங்கரை வனநிலம் குத்தகைக்குப் போயிற்று. கம்பனி இயந்திரங்களை இறக்கி ஆற்றின் போக்கையே திருப்ப முயன்றது. குத்தகையை நீதிபதி குல்தீப் சிங் ஆயம் இரத்துச் செய்தது.

கொழும்பு காலிமுகத்திடலையும் விட்டுவிட முடியாது. 1859இல் அந்தக் கடலோர நடைபாதையை முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியதாக அதைப் பேணும்படி பின்வருவோரைக் கேட்டு ஒரு கல் நட்டார். 2004இல் அந்தத் திடலையே ஒரு தனியார் கம்பனியின் கேளிக்கை வளாகத்துக்காக நகர அபிவிருத்தி அதிகார சபை ஒப்பந்தம் போட்டிருந்தது தெரியவந்தது. சுற்றாடல் அமைப்பொன்று ஒப்பந்தப் பிரதியைக் கேட்டது, கொடுக்கவில்லை. வழக்கு நடந்து 2005 நவம்பரில் ஒப்பந்தம் செல்லாது என்றானது. தகவலை அறியும் உரிமையும் அடிப்படை உரிமைக்குள் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. தகவல் அறியும் சட்டம் நம் நாட்டில் வந்தது அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான்.

இனி நம் கரை. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே கடலோரத்தில் இருக்கிறது ஆனைவிழுந்தாவ. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்தில் விழும்படி முன்னோர் கட்டிய குளத்தொடர். அதன் ஓரத்தில் கண்டல் காடு, அருகே ஒல்லாந்தர் வாய்க்கால். 1997இல் அது சரணாலயமானது. 2001இல் இலங்கையின் இரண்டாவது ராம்சார் ஈரநிலமாக உலகப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 1,397 ஹெக்டேயர். இவ்வளவு பட்டயங்கள் இருந்தும் 2020 ஆகஸ்டில் அதன் கண்டல் மரங்கள் இயந்திரத்தால் பிடுங்கப்பட்டன. இறால் பண்ணைக்காக என்றே செய்தி வந்தது.

இறாலின் கதையை நம் மாவட்டத்தவர் பட்டுணர்ந்திருக்கிறார்கள். 1980களில் களப்போரமெங்கும் பண்ணைகள் எழும்பின. வேலை கிடைத்தது, பணமும் வந்தது. 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்து தொட்டி தொட்டியாக அழித்தது. கைவிடப்பட்ட பண்ணைகளின் உப்பேறிய குழிகள் இன்றும் அங்கங்கே கிடக்கின்றன. கண்டல் போன இடத்தில் மீன்குஞ்சுக்குத் தொட்டில் இல்லை. அந்த இழப்பு வலை போடுகிறவரின் வீட்டில் தெரியும், குத்தகை எழுதியவரின் வீட்டில் தெரியாது. இதே மாவட்டத்தின் பம்பலையில், சிலாபக் களப்போரம், உலகின் முதலாவது கண்டல் அருங்காட்சியகம் 2016இல் திறக்கப்பட்டது. கண்டலை வளர்க்கக் கற்றுக்கொடுக்கும் இடமும் அதை வேரோடு பிடுங்கும் இடமும் ஒரே கரையில்தான் இருக்கின்றன.

2020 பெப்ரவரியில் நடந்ததையும் பலர் கைத்தொலைபேசியில் பார்த்திருப்பீர்கள். நீர்கொழும்புக் களப்போரம் கண்டல் இருந்த இடத்தில் விளையாட்டிடம் அமைக்க வேண்டும் என்று, அப்போது நம் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினராகவும் இராஜாங்க அமைச்சராகவும் இருந்த சனத் நிஷாந்த போய் நின்றார். கம்பஹா மாவட்ட வன அதிகாரி தேவனி ஜயதிலக மட்டும் அசையவில்லை. சட்டம் இடம் கொடுக்காது என்றார். இந்த மரங்கள் ஒட்சிசன் தருகின்றன என்று அவர் விளக்க, அந்த ஒட்சிசனால் என்ன பயன் என்று எதிர்க் கேள்வி வந்தது. கூட்டத்தின் நடுவே, அமைச்சரின் முகத்துக்கு நேரே, குரலை உயர்த்தாமல் அவர் சொன்னதையே திரும்பச் சொன்னார். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஓர் அரச உத்தியோகத்தர், தான் யாருடைய காணியைக் காவல் காக்கிறேன் என்று அறிந்திருந்தார். கோட்பாடு என்று புத்தகத்தில் எழுதப்படுவதை நிலத்தில் நின்று காப்பவர் இப்படிப்பட்டவர்தான். அவரைப் போன்றவர்களுக்கு இடமாற்றக் கடிதம் வரும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும்.

வில்பத்துவைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்தால் நான் நேர்மையானவனாக மாட்டேன். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகள் முஸ்லிம் மக்களை விரட்டியபோது, அவர்களில் பெருந்தொகையினர் வந்து இறங்கியது நம் புத்தளத்தில், கற்பிட்டியில். ஓலைக் கொட்டில்களில் இருபது ஆண்டுகள் கழிந்தன. யுத்தம் முடிந்து வில்பத்துக் காட்டை ஒட்டிய மறிச்சுக்கட்டிக்கும் கரடிக்குளிக்கும் அவர்கள் திரும்பியபோது ஊர் காடேறிக் கிடந்தது. 2012இல் அந்தப் பக்கத்துக் காட்டை ஒதுக்கக் காடாகப் பிரகடனம் செய்யும் வர்த்தமானியும் வந்துவிட்டது. தங்களைக் கேளாமல் கோடு கீறினார்கள் என்பது அந்த மக்களின் முறையீடு. மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டப்பட்டது சட்டவிரோதம் என்று 2020 நவம்பர் 16ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரங்களை மீண்டும் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் ஏற்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இதை கோல்ப் மைதானத்தோடு ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பாது. அங்கே காணி போனது பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்குக்கு. இங்கே அதைக் கேட்டது வீடிழந்து நின்ற மக்கள். அவர்களுக்குக் காணி கொடுப்பது அரசாங்கத்தின் கடமையாக இருந்தது, அந்தக் கடமை தாமதிக்கப்பட்டது. ஆனாலும் நீதிமன்றம் பிடித்துக்கொண்ட இடம் சரியானது என்றே நினைக்கிறேன். வர்த்தமானி பிழையென்றால் அதைப் பகிரங்கமாகத் திருத்த வேண்டும், காணியை அளந்து, உரியவரின் பெயரில் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். அமைச்சர் ஒருவரின் சொல்லை நம்பிக் கட்டிய வீட்டுக்கு, அந்த அமைச்சர் போனதும் பாதுகாப்பில்லை. அந்தச் சொல்லுக்குக் கடைசியில் விலை கொடுப்பது, ஏற்கெனவே ஒருமுறை எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள்தான்.

பத்தரமுல்லைக் காணியின் பிற்கதை இதுதான். அங்கே எழுந்த மாளிகை வோட்டர்ஸ் எட்ஜ் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது, நகர அபிவிருத்தி அதிகார சபையின் உடைமையாக. தாழ்நிலம் பழைய வயலாகவும் சதுப்பாகவும் திரும்பவில்லை. தீர்ப்பு உறுதியை மாற்றலாம், நிரப்பிய மண்ணை அள்ளிக்கொண்டு போகாது. ஆகவே கேட்க வேண்டியதை முன்னதாகக் கேட்க வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்திலும், வனஜீவராசிகள், வனப் பாதுகாப்புத் திணைக்களங்களிலும், உங்கள் ஊரை ஒட்டிய அரச காணி எது, அது யாருக்குக் குத்தகைக்குப் போயிருக்கிறது, எந்த நிபந்தனையில் போயிருக்கிறது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். பதில் தர மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பிறகு ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். முந்தலிலோ உடப்பிலோ இருந்து ஒரு மீனவர் சங்கம் எழுதும் ஒற்றைக் கடிதம், வரப்போகும் கையெழுத்து ஒன்றைத் தயங்க வைக்கும்.

அடுத்த வாரம் கற்பிட்டித் தீவுகளுக்குப் போவோம். தலைமுறைகளாக வாடி அடித்து மீன்பிடித்தவர்கள் எந்தத் தாளும் இல்லாதவர்களாக நிற்க, அந்தத் தீவுகள் சுற்றுலா வரைபடத்தில் எப்படி ஏறின என்பதைப் பார்க்க வேண்டும்.

(தொடரும்)